கமிகாசே தாக்குதலில் தப்பிய மாலுமிகளின் நினைவிடம் எது?

பசிபிக் போரில் கமிகாசே தாக்குதலிலிருந்து, அதாவது ஜப்பானிய விமானிகள் தம் விமானத்தையே கப்பல் மீது மோதி நடத்திய தற்கொலைத் தாக்குதலிலிருந்து, உயிர்தப்பிய மாலுமிகளுக்கு நினைவிடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்தூண்களைவிட, அவர்கள் மூழ்கவிடாமல் காத்த கப்பலே பொருத்தமான நினைவிடம் என்பேன்.

1945 ஏப்ரல் 16 அன்று, ஜப்பானின் ஒகினாவா தீவுக்கு வடக்கே, எதிரி விமானங்களை முன்கூட்டியே கண்டறியும் ரேடார் காவலில் இருந்த அமெரிக்க நாசகாரிக் கப்பலான லாஃபி மீது 22 விமானங்கள் அலையலையாகப் பாய்ந்தன; 6 விமானங்கள் மோதி, 4 குண்டுகள் விழுந்து, சுக்கான் ஒரு பக்கமாகத் திரும்பியபடியே இறுகிப்போன பிறகும், வட்டமடித்துக்கொண்டே அதன் பீரங்கிகள் சுட்டன. 32 பேர் மாண்டனர். 71 பேர் காயமுற்றனர். தென் கரோலினாவின் பேட்ரியாட்ஸ் பாயிண்ட் அருங்காட்சியகத்தில் அக்கப்பலை இன்றும் காணலாம்.

பேர்ல் ஹார்பரிலுள்ள மிசூரி போர்க்கப்பலின் பக்கவாட்டில், அதே மாதம் 11ஆம் தேதி நேர்ந்த மோதலின் பள்ளம் அப்படியே இருக்கிறது. மோதி இறந்த ஜப்பானிய விமானியின் உடலை மறுநாள் மிசூரியின் மாலுமிகளே ராணுவ மரியாதையுடன் கடலில் அடக்கம் செய்தனர். கப்பல் தலைவரின் அந்த ஆணையை அன்று எல்லோரும் விரும்பிவிடவில்லை.