மெகில்லா: பழங்காலச் சுருள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பழைய ஏற்பாட்டில் ‘சுருள்’ என்று வருமிடத்தில் மூலமொழியில் என்ன சொல் இருக்கிறது?

பதில்: எபிரேயத்தில் ‘மெகில்லா’, உருட்டுதல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. அரமேயத்திலும் இதே சொல்தான். அரமேயத்தில் எழுதப்பட்ட எஸ்றா 6:2-ஐப் பாருங்கள். எருசலேம் ஆலயத்தைக் கட்ட பெர்சிய ராஜா கோரேசு இட்ட ஆணை, மேதியாவின் அக்மேதாவில் ஒரு மெகில்லாவாகக் கிடைக்கிறது.

கேள்வி: ‘செஃபெர்’ என்பதும் அதுதானா?

பதில்: இல்லை. கடிதம், தள்ளுதற்சீட்டு (விவாகரத்துச் சீட்டு), நூல் என்று எழுதப்பட்ட எதுவும் செஃபெர். மெகில்லா அதன் வடிவத்தைக் குறிக்கிறது.

கேள்வி: தீர்க்கதரிசி எரேமியாவின் சுருளை யூதாவின் ராஜா யோயாக்கீம் மொத்தமாக நெருப்பில் போடாமல் ஏன் அறுத்து அறுத்துப் போட்டான்?

பதில்: எரேமியா 36-ஆம் அதிகாரத்தில் என்னை மிகவும் உலுக்குவது இதுதான். சுருளில் எழுத்து, செய்தித்தாளில் இருப்பதுபோலப் பத்தி பத்தியாக (நெடுவரிசைகளாக) பக்கவாட்டில் ஓடும். ஒரு பக்கம் விரித்து மறுபக்கம் சுருட்டிக்கொண்டே வாசிப்பார்கள். ராஜாவுக்கு அதை வாசித்துக் காட்டிய யெகுதி மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும், அந்த அளவு அறுபட்டுக் கணப்பு நெருப்புக்குப் போகிறது. அறுத்த கத்தியும் எழுத்தருடைய கத்தி. எழுதுகோல் சீவவும் ஏடு நறுக்கவும் வைத்திருப்பது. ஆக, இது ஆத்திரத்தில் ஒரு நொடியில் செய்த காரியமல்ல. கடைசிவரை கேட்டுக்கொண்டே அழித்திருக்கிறான். தோல் எரிந்தால் அறையில் நாற்றம் தாங்காது என்பதால், அது பாப்பிரஸ் (நாணல் வகைச் செடியிலிருந்து செய்த தாள்) சுருளாக இருந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பிறகு எரேமியா சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தரான பாருக்கு என்பவன் இன்னொரு சுருளில் அனைத்தையும் மீண்டும் எழுதினான், கூடுதலாகவும் எழுதினான்.

கேள்வி: பழைய சுருள் ஏதாவது முழுமையாகக் கிடைத்திருக்கிறதா?

பதில்: சாக்கடலருகே கும்ரான் குகையில் 1947-இல் கிடைத்த ஏசாயா சுருள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 17 தோல்களைத் தைத்துச் சேர்த்த 7.34 மீட்டர் நீளம், 54 பத்திகள். மையில்லாமல் கூர்முனையால் அழுத்திக் கோடு கிழித்திருக்கிறார்கள். எழுத்துகள் கோட்டின்மேல் நிற்பதில்லை, கோட்டிலிருந்து கீழே தொங்குகின்றன. அந்தச் சுருளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், அவசியம் பாருங்கள்.

கேள்வி: இன்றும் வழக்கில் உண்டா?

பதில்: உண்டு. உன்னதப்பாட்டு, ரூத், புலம்பல், பிரசங்கி, எஸ்தர் ஆகியவை ‘ஐந்து மெகில்லாக்கள்’. வெறுமனே மெகில்லா என்றால் எஸ்தர். யூதர்கள் பூரிம் பண்டிகையன்று இரவிலும் பகலிலும் அதைத் தோல்சுருளிலிருந்து வாசிக்கிறார்கள். பல சமூகங்களில் வாசிப்பவர் அதைக் கடிதம்போல் மடித்து வைத்துக்கொள்வார். எஸ்தர் 9-ஆம் அதிகாரம் அதை நிருபம் என்றும் அழைக்கிறது.