தோட்டத்தை விற்பதற்கு முன் மகனின் கணக்கு நோட்டைப் பாருங்கள்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். கணிதம், உயிரியல் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்குரிய மதிப்பெண் வரவில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம், பங்காளி வீட்டுப் பையன் போகவில்லையா என்று தாய்மாமன் வரும்போதெல்லாம் கேட்கிறாராம். கிணற்றோடு சேர்ந்த இரண்டு ஏக்கர் தோட்டத்துக்கு விலை பேச ஆளும் வந்துவிட்டது. பையனோ, நெஞ்செலும்புக் குறைபாடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய என்ன படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறான், வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஐயா, நிலம் பேரத்தில் இருக்கும்போது உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது முறையல்ல. தோட்டத்தை விற்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும், திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வும், மறுபடி 12 மாதப் பயிற்சியும் உண்டு. மாமன் கனவு காணும் நெஞ்சக அறுவை மருத்துவர் ஆவதற்கு அதன்பின் எம்.எஸ். என்ற மூன்றாண்டு அறுவை முதுநிலைப் படிப்பு, அதற்கும் மேல் எம்.சிஎச். என்ற மூன்றாண்டு உயர்சிறப்புப் படிப்பு என்று போக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வுகள். இவ்வளவையும் மகன் விரும்பிக் கேட்டிருந்தால் வேறு பேச்சு. அவன் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு செய்திதான் என்னை நிறுத்தியது. பதினான்கு வயதில் அவனுக்கு நெஞ்செலும்பு முன்தள்ளியிருந்ததால், அறுவை வேண்டாம், அழுத்தும் பட்டை அணிந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கொப்பரைக் களத்துக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில், தினமும் எத்தனை மணி நேரம் அணிந்தான், தோல் எங்கே சிவந்தது, திருவிழாவுக்குப் போவதற்காக எந்த நாளில் கழற்றி வைத்தான் என்பதையெல்லாம் அவன் எழுதி வந்திருக்கிறான். கழற்றிய நாளை மறைக்காமல் எழுதியதுதான் இதில் முக்கியம். இந்தக் குணத்துக்கென்றே மருத்துவமனைகளுக்குள் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்பவரைக் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர், அதாவது மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்கிறார்கள்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க, உங்கள் மகனுக்கு நேர்மாறாக நெஞ்சு உள்குழிந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். 1987-இல் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் நஸ் தொடங்கிய முறையில், விலா எலும்பை வெட்டாமல், வளைத்த உலோகப் பட்டை ஒன்றை மார்பெலும்புக்குப் பின்னால் செலுத்தித் திருப்பி நிமிர்த்துகிறார்கள். பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதை எடுத்துவிடுவார்கள். யாருக்கு அறுவை தேவை என்று பார்க்க, சி.டி. ஸ்கேனில் நெஞ்சுக்கூட்டின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுக்கிறார்கள். ஹாலர் குறியீடு எனப்படும் இந்த எண் இயல்பாக 2.5 அளவில் இருக்கும், 3.25-ஐத் தாண்டினால் கடுமையானது என்று கொள்வது வழக்கம். அறுவைக்குப் பின் வரும் வலிதான் பெரும் தொல்லை. விலா நரம்புகளை உறையவைத்து வலியைக் குறைப்பது, முதுகில் மருந்து செலுத்துவதைவிட மேலானதா? இதை ஒரு மருத்துவரின் அனுபவம் மட்டும் முடிவு செய்ய முடியாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, வலியையும் மருந்தளவையும் ஒரே விதமாகக் குறித்துப் பார்க்க வேண்டும். மாத்திரை ஆய்வில், யாருக்கு எது என்று தெரியாமலிருக்கப் போலி மாத்திரை கொடுக்கலாம். கத்தி வைக்கும் இடத்தில் அது எளிதல்ல என்பதால், அளப்பவருக்காவது எந்தச் சிகிச்சை நடந்தது என்று தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள்.

ஒருங்கிணைப்பாளர் இதற்கு நடுவில் நிற்கிறார். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இந்நோயாளிகள் பெரும்பாலும் வளரிளம் பருவத்தினர் என்பதால் பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, 12 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளையின் இசைவையும் எழுத்தில் பெற வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக் குடும்பம் வந்தால், ஒப்புதல் படிவம் அவர்கள் மொழியில் இருக்க வேண்டும். மருந்து ஆய்வாக இருந்தால், கடுமையான பாதிப்பு ஏற்பட்ட 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு விதி. மூன்று ஆண்டு கழித்து உலோகப் பட்டையை எடுக்க வேண்டிய பையன் ஊர் மாறி, கைப்பேசி எண்ணும் மாறியிருந்தால் அவனைத் தேடிப் பிடிப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

இதெல்லாம் குமாஸ்தா வேலைதானே என்று மாமன் கேட்பார். அவருக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லுங்கள். பெருந்துறைக்காரர்கள் இன்றும் சானடோரியம், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை, என்று ஓர் இடத்தைச் சொல்கிறார்கள். காசநோயாளியை அப்படி ஓரிடத்தில் மாதக்கணக்கில் வைத்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது 1959-இல் வெளியான சென்னை ஆய்வு. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியதை அது காட்டியது. சொல்லாமல் வீடு தேடிப்போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்களின் உழைப்பு இல்லாமல் அந்த முடிவு கிடைத்திருக்காது.

பி.பார்ம்., செவிலியம் வழியாகவும் இதற்குள் வரலாம். ஆனால் எண்களோடு பழகும் உங்கள் மகனுக்கு இளநிலைப் புள்ளியியல் பொருந்தும் என்பது என் கருத்து. மூன்றாண்டுப் படிப்பு, அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு உங்கள் வருமானத்துக்குள் அடங்கும். பின்னர் வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் உயிரிப் புள்ளியியல், அதாவது மருத்துவ ஆய்வுகளுக்கான புள்ளியியல், முதுநிலைக்கு முயலலாம். சென்னைத் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் மருத்துவ ஆய்வு அடிப்படைப் பாடத்தை என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் கட்டணமில்லாமல் படிக்கலாம்; சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம் கட்ட வேண்டும். தொடக்கச் சம்பளம் மருத்துவருடையதைப் போல இருக்காது என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

ஆறு மாத டிப்ளமோ, வேலை உறுதி என்று லட்சங்களில் கட்டணம் கேட்கும் நிலையங்களுக்கு மட்டும் போகாதீர்கள். ஆய்வுப் பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடிய இணையதளம்தான். கோவை, ஈரோடு, சேலம் மருத்துவமனைகளில் என்னென்ன ஆய்வுகள் நடக்கின்றன என்று மகனையே தேடிப் பட்டியலிடச் சொல்லுங்கள். பட்டியலோடு அவனையும், முடிந்தால் மாமனையும் அழைத்து வாருங்கள். அதுவரை நிலத்துக்கு முன்பணம் வாங்க வேண்டாம்.