அமெரிக்க கிளையண்ட் 'பால்பார்க்' என்றால் என்ன சொல்ல வருகிறார்?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், கிளையண்ட்டுடன் போனில் பேசும்போது வரும் ஆங்கில மரபுத்தொடர்கள் புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பல பேஸ்பால் விளையாட்டிலிருந்து வந்தவை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குச் சட்டென்று பிடிபடாதது இயல்புதான்.

'பால்பார்க்' என்பது பேஸ்பால் மைதானம். 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் தோராயக் கணக்கு சொன்னால் போதும். ஆனால் "இது உத்தேசம்தான்" என்று மெயிலிலும் எழுதிவிடுங்கள். அதையே கெடுவாகப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. 'கர்வ்பால்' என்றால் வளைந்து வரும் பந்து, அதாவது எதிர்பாராத சிக்கல். 'டச் பேஸ்' என்பது சுருக்கமாகப் பேசிக்கொள்வது, அவ்வளவுதான்.

இவற்றைவிடக் கவனம் தேவைப்படுவது 'டேபிள்'. பிரிட்டிஷ்காரர் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்றால், இதை விவாதத்துக்கு எடுப்போம் என்று பொருள். அமெரிக்கர் அதையே சொன்னால், இப்போதைக்குத் தள்ளிவைப்போம். நேரெதிர்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். இருவரும் கேட்டது என்னவோ ஒன்றைத்தான்! அதனால் லண்டன், நியூயார்க் ஆட்கள் ஒரே போன் அழைப்பில் இருந்தால், "இப்போதே பேசுகிறோமா, பிறகா?" என்று தயங்காமல் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் கேட்கலாமா என்ற கூச்சமே வேண்டாம்.