மாத்திரை தொடங்கிய பிறகும் கவுட் வலி வருகிறதே?

கேள்வி: எனக்கு வயது 52. கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும் வலி. கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் மூட்டுவலி என்றார்கள். யூரிக் அமிலம் 9.2 இருந்ததால் அதைக் குறைக்க அலோப்யூரினால் 100 மி.கி. கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே அதே விரலில் மறுபடியும் வலி. உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டேன். சரிதானா? பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: நிறுத்தியிருக்க வேண்டாம். ரத்தத்தில் யூரிக் அமிலம் குறையும்போது மூட்டில் படிந்திருக்கும் படிகங்கள் கரைந்து உதிரும். அது அழற்சியைக் கிளப்பிவிடும். முதல் சில மாதங்களில் இப்படி வலி வருவது சகஜம். அதனால்தான் கூடவே அழற்சியைத் தடுக்கும் கோல்சிசின் 0.5 மி.கி. தினமும் ஒன்று அல்லது இரண்டு என 3 முதல் 6 மாதம் வரை தருவார்கள். உங்கள் சீட்டில் அது இருக்கிறதா பாருங்கள். டாக்டரைக் கேட்டு அலோப்யூரினாலை மறுபடி தொடங்குங்கள். இனி வலி வந்தாலும் விடாதீர்கள்.

100 மி.கி. ஆரம்ப அளவுதான். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு 50-லேயே தொடங்குவதும் உண்டு. வலி கடுமையாக இருக்கும் நாளில் எடுத்த ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பாதீர்கள், அப்போது அளவு குறைவாகக் காட்டக்கூடும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது அலோப்யூரினாலால் தோலில் வரும் தடிப்பு. பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். தடிப்போ, அதோடு காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, கண் எரிச்சலோ கண்டால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரிதானதுதான், ஆனால் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

கோல்சிசினில் வயிற்றுப்போக்கு வந்தால் அளவு அதிகமாகிவிட்டதாக இருக்கலாம். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். சளி, காய்ச்சலுக்கு யாராவது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால் கோல்சிசின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் கோல்சிசின் உடம்பில் தேங்கி நஞ்சாகிவிடும்.

கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை உங்களுக்கு வேண்டாம். பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பி.பி. மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்று இருந்தால் அதுவே யூரிக் அமிலத்தை ஏற்றும். லோசார்டான் என்ற வேறொரு பி.பி. மாத்திரை அதைச் சற்றுக் குறைக்கும். மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.