ஆடிட்டர் பதவிக்கும் ஓட்டா? மாசசூசெட்ஸில் எதைப் பார்த்து வாக்களிப்பது

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபின் மாசசூசெட்ஸில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். ஆளுநர் தேர்தலோடு மாநில ஆடிட்டர் பதவிக்கும் வாக்களிக்க வேண்டுமாம். அவருக்கு என்ன வேலை? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: நம்மூர்ப் பேச்சில் ஆடிட்டர் என்றால் வருமான வரிக் கணக்குப் பார்ப்பவர். இவர் உங்கள் வரிக் கணக்கைத் தொடுவதே இல்லை. மாநில அரசுத் துறைகள் பணத்தை ஒழுங்காகச் செலவிட்டனவா, சட்டப்படி நடந்தனவா என்று தணிக்கை செய்பவர். இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் சி.ஏ.ஜி.யை (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மாசசூசெட்ஸில் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் (2018, 2022, 2026).

ஒவ்வொரு துறையையும் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தணிக்கை செய்யச் சட்டம் சொல்கிறது. தண்டிக்கும் அதிகாரம் மட்டும் இல்லை. குறையை எழுதிப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். சட்டமன்றத்தையே தணிக்கை செய்ய அதிகாரம் தரும் சட்டத்தை 2024இல் சுமார் 72% வாக்காளர்கள் ஆதரித்தார்கள். அதற்குப் பிறகும் ஆடிட்டர் டயானா டிசோக்லியோவுக்கும் சட்டமன்றத்துக்கும் இழுபறிதான்.

சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) தகுதி இப்பதவிக்குக் கட்டாயமில்லை. அதனால் தகுதிச் சான்றைவிட வேலையைப் பாருங்கள். பதவியில் இருப்பவர் மீண்டும் நின்றால் அவருடைய தணிக்கை அறிக்கைகளில் இரண்டு மூன்றைப் படியுங்கள். கண்ட குறை, பரிந்துரை, துறையின் பதில், அதற்கு ஆடிட்டரின் மறுமொழி என்று வரிசையாக இருக்கும். துறை மழுப்பும் இடத்தில் ஆடிட்டர் விடாமல் பிடித்திருக்கிறாரா என்பதே உரைகல். புதியவரானால், முதலில் எந்தத் துறையை, ஏன் எடுப்பார் என்று கேளுங்கள். 'ஊழலை ஒழிப்பேன்' என்பது பதிலாகாது.

பெயர்ப் பதிவுக்குத் தேர்தலுக்கு 10 நாள் முன்பு கடைசி. கட்சி சேராதவராகப் பதிந்தால் முதல்நிலைத் தேர்தலில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஏதேனும் ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். ஒரு கட்சியில் பதிந்தவருக்கு அக்கட்சிச் சீட்டு மட்டுமே. வீட்டில் கிரீன் கார்டில் இருக்கும் பெற்றோர் தவறியும் பதியக் கூடாது, அவர்களின் குடியேற்ற உரிமைக்கே ஆபத்து.

ஒரே பதவிக்கு இருவரைக் குறித்தால் அந்தப் பதவிக்கான வாக்கு மட்டும் செல்லாது. தபால் வாக்கில் அதிகம் கோட்டைவிடுவது கையெழுத்தில்தான்: உள் உறையில் கையெழுத்து இல்லாவிட்டால் சீட்டை எண்ண மாட்டார்கள். கடைசி வாரமாகிவிட்டால் தபாலை நம்ப வேண்டாம். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் தபால் வாக்குகளுக்காக உங்கள் ஊர் வைத்திருக்கும் பெட்டியில் நேரில் போட்டுவிடுங்கள்.