பெற்றோர் சம்மதித்தால் குழந்தையின் படத்தை நாளிதழில் வெளியிடலாமா?

விளையாட்டு விழாவில் பரிசு வாங்கும் சிறுமியின் படமென்றால், பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளியிடுவதே முறை. ஆனால் தாங்கள் கேட்டிருப்பது, பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் படத்தைத் தாயே கொடுத்து வெளியிடச் சொன்னால் என்ன செய்வது என்பது.

இந்தியாவில் அப்போதும் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23ஆவது பிரிவில், குழந்தையின் பெயர், முகவரி, படம் ஆகியவற்றோடு நில்லாமல், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாதெனத் தடுக்கிறது. வெளியிடுவது குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று காரணத்தைப் பதிவு செய்து சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால் மட்டுமே விலக்கு உண்டு. பெற்றோரின் கையொப்பம் அந்த அனுமதிக்கு ஈடாகாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளாகி உயிரிழந்தவரின் அடையாளத்தைக்கூட நெருங்கிய உறவினரின் இசைவை மட்டும் கொண்டு வெளியிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவுபடுத்தியது.

முகத்தை மங்கலாக்கிவிட்டுத் தந்தையின் படத்தையும் தெருப் பெயரையும் அச்சிடுவது (இது அறியாமை என்று நான் நம்பவில்லை) அடையாளத்தை மறைப்பதாகாது. குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கும் இதையொத்த பாதுகாப்பை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவில், வழங்குகிறது.