சாயாதே என்றால் யோசிக்காதே என்று அர்த்தமா? டீச்சரிடம் கேளுங்கள்

இன்றைய பகுதி நீதிமொழிகள் 3:5. "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து." கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வேதாகம வகுப்பு எடுக்கும் டீச்சர் இரவு 8 முதல் 10 வரை பதில் சொல்கிறார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மேலே உள்ளதை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

செந்தூல் தம்பி: டீச்சர், நான் பொறியியல் படிக்கிறேன். சுயபுத்தியின்மேல் சாயாதேன்னா மூளையைக் கழட்டி வச்சிட்டுத்தான் சபைக்கு வரணுமா?

டீச்சர்: வேண்டாம் தம்பி, மாட்டிக்கொண்டே வா. இந்த வசனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் 'சாயாமல்'. ஒன்றின்மேல் பாரத்தைப் போட்டு ஊன்றி நிற்பதற்கு எபிரேயத்தில் வரும் வினை அது. 2 சாமுவேல் 1:6-ல் கில்போவா மலையில் சவுல் தன் ஈட்டியின்மேல் சாய்ந்துகொண்டிருந்தான் என்று வருகிறதே, அங்கேயும் அதே வினைதான். ஈட்டி நல்ல ஆயுதம். எறியலாம், குத்தலாம். ஆனால் அன்றைக்குச் சவுலைத் தாங்க அதற்குத் திராணி இல்லை.

இதே நீதிமொழிகள் 4:7-ஐயும் பார். "என்னத்தைச் சம்பாதித்தாலும் புத்தியைச் சம்பாதித்துக்கொள்." 3:5-லும் 4:7-லும் மூலத்தில் 'பீனா' என்ற ஒரே சொல். இங்கே தூக்கி எறி என்று சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்திலேயே சம்பாதி என்று சொல்வார்களா?

ஒரு முடிவு எடுக்கும்போது தாளில் மூன்று கட்டம் போடு. முதல் கட்டத்தில் எனக்குத் தெரிந்தது. இரண்டாவதில் விசாரித்தால் தெரியக்கூடியது. மூன்றாவதில் எவ்வளவு விசாரித்தாலும் தெரியவராதது. முதல் இரண்டும் உன் வேலை. கர்த்தர் கையில் கொடுக்க வேண்டியது மூன்றாவது. இரண்டாவது கட்டத்தில் எழுத வேண்டியதைச் சோம்பேறித்தனமாக மூன்றாவதில் எழுதிவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பேர் வைப்பதுதான் நம் ஆட்களுக்கு உள்ள வியாதி.

பாயான் லெப்பாஸ் பிரதர்: சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. போவதா வேண்டாமா என்று தேவசித்தம் எப்படி அறிவது? கிதியோன் மாதிரி அடையாளம் கேட்கலாமா?

டீச்சர்: கிதியோன் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைப் போட்டது நியாயாதிபதிகள் 6-ல், 36-ஆம் வசனத்திலிருந்து. போ, நான் உன்னோடு இருப்பேன் என்று கர்த்தர் அதற்கு முன்பே 14, 16-ஆம் வசனங்களில் சொல்லியாயிற்று. தெரிந்த சித்தத்தை நம்ப முடியாமல்தான் ஒரு ராத்திரி தோல் மட்டும் நனையட்டும், மறு ராத்திரி தோல் மட்டும் காய்ந்திருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தான். அதை முறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறது. அங்கே அறை வாடகை எவ்வளவு? இங்கே முதலாளி போடும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 12 அல்லது 13 விழுக்காடு, வேலை அனுமதியில் போகிறவருக்கு அங்கே வராது. அதைக் கழித்துப் பார்த்தீர்களா? அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? முதலில் இதை நிரப்புங்கள். நிரப்பியபின் இரண்டு வழியும் நியாயமாகத் தெரிந்தால், எதை எடுத்தாலும் பாவமில்லை.

கெப்போங் சிஸ்டர்: எனக்கு இனிப்பு நீர். 21 நாள் உபவாச ஜெபம் வருகிறது. இன்சுலினை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டு என்கிறார் ஒருவர்.

டீச்சர்: நிறுத்தாதீர்கள். 2 இராஜாக்கள் 20-ஐ எடுங்கள். எசேக்கியா சாகக் கிடக்கிறான். கர்த்தர் 15 வருஷம் கூட்டித் தருவதாகச் சொல்லி அனுப்புகிறார், இது 6-ஆம் வசனம். அடுத்த வசனத்திலேயே ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி அவனுடைய பிளவையின்மேல் பற்றுப் போடவைக்கிறார். வாக்குக் கொடுத்த அதே வாய்தான் மருந்தும் சொன்னது.

முதலில் கிளினிக்கில் கேளுங்கள். உபவாசம் இருக்கலாம் என்றால் ஊசி அளவை அவர்களே மாற்றித் தருவார்கள், நீங்களாகக் குறைக்க வேண்டாம். வேண்டாம் என்றால் சாப்பாட்டுக்குப் பதில் கைத்தொலைபேசியை விடுங்கள், அதுவும் உபவாசம்தான். நடுங்கினாலோ வேர்த்தாலோ விரலில் குத்திப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் அந்த நிமிஷமே உபவாசம் முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். வலிப்பு மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நிறுத்தாதீர்கள்.

தண்ணீர்மலை அண்ணன்: நான் முருக பக்தன். நாங்க 'எல்லாம் அவன் செயல்'னு சொல்றதும் இதுவும் ஒண்ணா டீச்சர்?

டீச்சர்: கிட்டத்தில் வரும் அண்ணே, ஆனால் உங்கள் பக்கத்தை நான் விளக்கினால் தப்பாகிவிடும். சைவ சித்தாந்தம் படித்தவரிடம் கேளுங்கள்.

செராஸ் அக்கா: பக்கத்து வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை தவறிப்போச்சு. அந்தத் தாய் 'ஏன்'னு கேக்குறா. என்ன சொல்றது?

டீச்சர்: காரணம் சொல்லாதீர்கள் அக்கா. 'கர்த்தருக்குப் பூ வேணும், பறிச்சுக்கிட்டார்' என்பது வேதத்தில் எங்கேயும் இல்லை. 'இன்னொரு பிள்ளை பிறக்கும்' என்பதும் வேண்டாம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து திரும்பப் பெற்ற யோபுவுக்கு முதல் அதிகாரத்தில் 7,000 ஆடு, கடைசி அதிகாரத்தில் 14,000. ஒட்டகம் 3,000 இருந்தது 6,000 ஆனது. பிள்ளைகள்? முதலிலும் 7 மகன் 3 மகள், கடைசியிலும் 7 மகன் 3 மகள். ஆட்டை இரட்டிப்பாக எண்ணியவர்கள் பிள்ளையை அப்படி எண்ணவில்லை. ஏன் என்று அந்தத் தாயிடம் கேட்டால் தெரியும்.

யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும், அவனுக்குக் கடைசிவரை தெரியாது. 38 முதல் 41 வரை கர்த்தர் பேசுவதில் பெரும்பகுதி கேள்விகள்தான். அப்படியிருந்தும் 42:7-ல் கர்த்தருக்குக் கோபம் வந்தது கேள்வி கேட்ட யோபுமேல் இல்லை. காரணம் கண்டுபிடித்துச் சொன்ன எலிப்பாஸ்மேலும் அவன் இரண்டு சிநேகிதர்மேலும்.

அதனால் போய் உட்காருங்கள். ஃபிளாஸ்க்கில் சுடச்சுட மைலோ, மூத்த பிள்ளைக்குச் சோறு. மரணத்தை ஜேபிஎன்-இல் (தேசியப் பதிவுத் துறை) 7 நாளுக்குள் பதிய வேண்டும், தகப்பனோடு யாராவது ஒருவர் கூடப் போங்கள். அவள் ஜெபிக்கக் கேட்டால் சங்கீதம் 13, ஆறே வசனம். முதல் இரண்டில் நான்கு முறை 'எதுவரைக்கும்' வருகிறது. அதற்குக்கூட மனசு இல்லையென்றால் 88. எபிரேயத்தில் அந்தச் சங்கீதத்தின் கடைசிச் சொல்லே 'இருள்'தான். அப்படி முடிகிற ஜெபமும் ஜெபம் என்று அவளுக்குத் தெரியட்டும்.

ஜெலுத்தோங் சிஸ்டர்: வீடு வாங்கலாமா என்று தேவசித்தம் எப்படி அறிவது?

டீச்சர்: மூன்று கட்டம். மேலே இருக்கிறது.

பட்டர்வொர்த் அங்கிள்: டீச்சர், நீங்க புத்திக்கு ரொம்ப இடம் கொடுக்குறீங்க. வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அது போதாதா? இந்த வருஷம் எனக்கு எரேமியா 29:11. சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதோட நிம்மதியா இருக்கேன்.

டீச்சர்: வாழ்த்து அட்டை என்றால் நல்லது அங்கிள். ஜாதகம் என்றால் தப்பு. அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது. அதற்கு முந்திய 10-ஆம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பாதிப்பேருக்கு மேல் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. யாராவது 10-ஆம் வசனத்தை அட்டையில் அடிக்கிறார்களா?

பட்டர்வொர்த் அங்கிள்: சீட்டுப் போடுறது வேதத்திலேயே இருக்கே! அப்போஸ்தலர் 1:26. மத்தியாவை எப்படித் தெரிஞ்செடுத்தாங்க?

டீச்சர்: 21-லிருந்து வாசியுங்கள். முதலில் தகுதி வைத்தார்கள். பிறகு இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஜெபம் செய்தார்கள். கடைசியில்தான் சீட்டு. அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவி இறங்கியபின், அந்தப் புத்தகம் முடியும்வரை சபை சீட்டுப் போட்டதாக ஒரு இடமும் இல்லை.

பிறை பிரதர்: அங்கிள் சொல்றதுல என்ன தப்பு? அட்டையால எத்தனையோ பேருக்கு ஆறுதல்.

டீச்சர்: ஆறுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருகிற கஷ்டம் அட்டையோடு ஒத்துப்போகாதபோது என்ன ஆகிறது என்பதுதான் என் பேச்சு. 'சமாதானம்' என்று எடுத்தவருக்கு மார்ச் மாதம் வேலை போகும். அட்டை பொய்யா, என் விசுவாசம் பொய்யா என்று இரண்டில் ஒன்றில் விழுவார். வசனத்தைச் சுருக்கியது அச்சகம், பழி கர்த்தர்மேல்.

கெப்போங் தம்பி: டீச்சர், வட்டி முதலையிடம் வாங்கி விதைக் காணிக்கை போட்டால் கர்த்தர் திருப்பித் தருவாரா?

டீச்சர்: போடாதே. லூக்கா 14:28, கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். வங்கிக் கடன் கழுத்தை நெரித்தால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே-க்குப் போ, ஆலோசனைக்குக் காசு கிடையாது.

செந்தூல் அக்கா: தேவசித்தம் எப்படி...

டீச்சர்: மேலே.

செராஸ் அங்கிள்: இரத்த அழுத்த மாத்திரையை விசுவாசத்தோடு...

டீச்சர்: நிறுத்தாதீர்கள். அதுவும் மேலே.

ஜார்ஜ்டவுன் தங்கை: அப்போ பர்ஸில் இருக்கும் அட்டையை என்ன செய்வது டீச்சர்? கிழிக்கவும் மனசு வரலை.

டீச்சர்: ஏன் கிழிக்க வேண்டும்? பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும். யார் சொன்னது, யாரிடம், எந்தச் சூழ்நிலையில் என்று அங்கே மூன்று வரி எழுது. அந்த அதிகாரத்தையும் அதற்கு முந்தினதையும் முழுதாக வாசித்தால்தான் எழுத வரும். மொத்தமே அரை மணி நேர வேலை.

பட்டர்வொர்த் அங்கிள்: இப்பதான் எரேமியா 28 வாசிச்சேன். ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வரும்னு சொன்ன அனனியா செத்துட்டானே!

டீச்சர்: ஆமாம் அங்கிள். ஐந்தாம் மாதம் சொன்னான், ஏழாம் மாதம் செத்தான். 29-க்குப் போங்கள். வீடு கட்டு, தோட்டம் போடு என்று 5-ஆம் வசனத்தில் வரும்.